ஆறவிட்டு இறுக்கவேண்டியது

மஹய்யாவ,
கண்டி.
05.08.1987

அன்புள்ள மகள் சிவமணிக்கு,

நான் சுகம். சுகமில்லாதது கார் ஒன்றுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கண்டி முழுக்கத் தெரிந்த கதையாகிவிட்டது. வேறு யாரும் சொல்லி நீ சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வைத்து எங்களுடைய மொறிஸ் மைனரின் முன் மூடிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. இந்த நாட்களில் கண்டி நடுச் சந்தியில் ஒரு தமிழனுடைய கார் புகைத்தால் சனம் என்ன நினைக்கும் என்று உனக்கு விளங்கும்தானே. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் குண்டு என்று ஒரே ஓட்டம். ஒரு கடை இழுத்துச் சாத்தப்பட்டது. பொலிஸ்காரன் ஒருவன் தூரத்தில் நின்று துவக்கை நீட்டி, கையை உயர்த்து என்று சிங்களத்தில் கத்தினான். உயர்த்தலாம். ஆனால் உன் அப்பா இப்போது மெலிந்துவிட்டார். பெல்ற்றின் கடைசி ஓட்டையும் போதாது. இடது கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையை மட்டும் உயர்த்தினேன். இரண்டு கையும் என்றான். உயர்த்தினேன். காற்சட்டை இறங்கியது.

அந்தக் கோலத்தைக் கண்ட பிறகுதான் நான் ஆபத்தான ஆள் இல்லை என்று அவனுக்கு நம்பிக்கை வந்தது. கிட்ட வந்து மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் கொதித்த ஆவி. அவன் சிரித்தான். ஓடின சனமும் திரும்பி வந்து சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்கிறது?

பக்கத்து வீட்டு மக்கீன் நானா தன்னுடைய மரக்கறி லொறியைக் கொண்டுவந்து கட்டி இழுத்து வீடு சேர்த்தார். ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தகடு உண்டு. கேஸ்கற் என்பார்கள். தண்ணீர் தன் வழியில், ஒயில் தன் வழியில் போகும்படி பார்ப்பது அதுதான். அது எங்கேயோ இடம் விட்டுவிட்டது.

உன் கலியாணம் செப்டெம்பர் மூன்றாம் திகதி என்று வரதராசா மாமா எழுதியிருந்தார். இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகி யாழ்ப்பாணப் பாதையும் திறந்தாயிற்று. இந்தக் காரில்தான் வருவேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டோடு எல்லாம் எரிந்தபோது மிஞ்சியது இது ஒன்றுதான், அதுவும் மக்கீன் நானா தன் கொட்டகையில் வெங்காயச் சாக்குகளால் மூடி வைத்ததால். அகதி முகாமிலிருந்து நீயும் அம்மாவும் கோண்டாவிலில் மாமா வீட்டுக்குப் போக, நான் ஹந்தானைத் தேயிலை ஸ்டோர் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே நின்றுவிட்டேன். நீ வளர்ந்த வீட்டிலிருந்து உனக்குத் தர என்னிடம் ஒரு கரண்டிகூட இல்லை. காரையாவது கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
நடுச் சந்தியில் மானம் இறங்கிய
அப்பா


கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
12.08.1987

அன்புள்ள அப்பா,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காற்சட்டை இறங்கின இடத்தில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. “மனுசன் சாப்பிடுறேல்லைப் போலை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

உங்களுக்குத் தெரியும், அம்மா உங்களுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பமாட்டா. முகாமில் வைத்து “எங்களோடை வாங்கோ” என்று கேட்டதற்கு நீங்கள் “வேலை” என்று சொன்னதை அவ இன்னும் விழுங்கவில்லை. நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்தீங்கள். அதுவும் இரண்டு நாள். இரண்டு நாளும் பகிடி விட்டுச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விட்டீங்கள். பிறகுதான் யோசித்தேன், ஒன்றுமே கதைக்கவில்லையே என்று.

அப்பா, எனக்கும் அந்த ஆசைதான். கலியாணம் முடிந்து பின்னேரம் மானிப்பாய்க்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது நம்முடைய காரில் போகவேண்டும். நீங்கள் ஓட்டவேண்டும். மஹய்யாவச் சந்தி திரும்பும்போதே ஹோன் அடித்து, “பிள்ளை, அப்பா வந்திட்டன்” என்று கத்துவீங்களே, ஞாபகமா? நான் செருப்பும் போடாமல் ஓடிவந்து கேற் திறப்பேன். கோண்டாவிலில் எந்தக் கார் ஹோன் அடித்தாலும் இன்னமும் என் கால் ஒருக்கால் எழும்பித்தான் அடங்கும்.

மாமாதான் நக்கல். நேற்று எல்லாரும் இருக்கும்போது, “அத்தானும் காரும் ஒரே மாதிரி. சத்தம் கூட, ஓட்டம் குறைவு. பாதி வழியிலை இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாரையும் காணாதுகள்” என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கோ.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கோ. கார் வராவிட்டால் வராமல் இருக்கட்டும். பஸ்ஸில் வாங்கோ. தாரை வார்க்க உங்களுடைய கை வேணும். கார் இல்லாமல் கலியாணம் நடக்கும்.

அன்பு மகள்,
சிவமணி


மஹய்யாவ,
கண்டி.
19.08.1987

அன்புள்ள மகளுக்கு,

மாமாவின் பகிடி நன்றாக இருக்கிறது. நானும் சிரித்தேன் என்று சொல். என்னைப் பற்றி நான் சொல்லும் பகிடிகளைவிட அது தரமானது. அதுதான் கொஞ்சம் குத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினின் தலையைக் கழற்றினேன். மக்கீன் நானா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, தேத்தண்ணி குடித்தபடி மேற்பார்வை செய்தார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மரக்கறி வியாபாரி அல்லவா, எது அழுகியது எது நல்லது என்று தெரியும். கேஸ்கற்றைத் தூக்கிப் பார்த்ததும், நடுவில் ஓரிடம் கருகி ஓட்டை விழுந்திருப்பதை எனக்கு முன் அவர்தான் கண்டார்.

அவருடைய கொட்டகைச் சுவரில் ஆணியில் இன்னொன்று தொங்குகிறது. முந்தி ஒருமுறை நான் கழற்றி மாட்டிய பழையது. பெரிய காயமில்லை. எழுபத்து நாலில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராது, உனக்கு ஞாபகமிருக்காது. அப்போது பழைய கேஸ்கற்றை நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்து, இரண்டு பக்கமும் சில்வர் பெயின்ற் பூசித் திரும்பவும் போட்டேன். வருடக்கணக்காக ஓடியது. உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது அந்தப் பெயின்ற்தான். இப்போதும் அதையே செய்யப்போகிறேன்.

நானாவுக்குப் பிடிக்கவில்லை. “அம்பி, அது சாமான் இல்லாத காலத்து வித்த. இப்ப கொழும்புல புதுசு கெடக்குது. அடுத்த கெழம லொறி போகுது, எடுத்து வாரேன்” என்றார்.

பழசு என்னை ஏமாற்றாது என்றேன்.

“ஏமாத்தாது. பழசாயிரும், அவ்வளவுதான்” என்றார்.

அவருக்குச் சொன்ன நியாயம் வேறு, உனக்குச் சொல்வது வேறு. அந்த வித்தை நான் கண்டுபிடித்ததில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்து சரிவந்த காரியங்கள் மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று. மாமாவின் முற்றத்தில் இறங்கி, என் கையால் திருத்திக் கொண்டுவந்தேன் என்று சொல்ல ஒரு ஆசை.

தலை சற்று வளைந்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் பட்டறையில் தட்டையாக உரசக் கொடுத்திருக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் நாளைக்கு என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அதையே சொல்கிறார்கள். வந்ததும் பூட்டிவிடுவேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, திரும்பவும் ஒருமுறை இறுக்கவேண்டும். சூட்டில் தகடு படிந்து நட்டுகள் தளர்ந்துபோகும். அந்த இரண்டாவது இறுக்கலை விட்டால் முதல் செய்ததெல்லாம் வீண்.

பின்சீற்றில் ஒரு வாளி நிறைய அந்தூரியம் கொண்டுவருவேன், மணவறைக்கு. கண்டிப் பூ. அங்கே கிடையாது.

பஸ் கதையை விடு. நான் வருவேன், காரும் வரும்.

இப்படிக்கு,
சில்வர் பெயின்ற் பூசிய
அப்பா


கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
25.08.1987

அன்புள்ள அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். பலகாரச் சூட்டில் வீடு முழுக்கப் புகை.

அம்மா உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னா. ஓம், உங்களுக்குத்தான். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தா. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னா: “புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ராகு காலம் துவங்குது. அதுக்கு முன்னம் வெளிக்கிடச் சொல்லு. வவுனியாவிலை ஆரும் தெரிஞ்ச ஆக்களோடை தங்கிவிட்டு, விடிய வந்து சேரட்டும்.”

நாலு வருடத்துக்குப் பிறகு அம்மா உங்களுக்கென்று சொன்ன முதல் வார்த்தை. உங்களுடைய வேட்டி சால்வையை நேற்றுத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறா. மணவறையில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்க ஒரு சேலையும் எடுத்து வைத்திருக்கிறா. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டுக்கு முன்னம், அப்பா.

சிவமணி


மானிப்பாய்,
யாழ்ப்பாணம்.
10.09.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

மெதவாச்சியிலிருந்து நீங்கள் அடித்த தந்தி கலியாணம் முடிந்து சனிக்கிழமைதான் வந்தது. “கார் பழுது. நான் சுகம்.” அதுவரை அம்மா தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. வழியில் யாரும் இறக்கிவிட்டார்களோ, பிடித்துவிட்டார்களோ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். தந்தியை வாசித்துவிட்டு அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டா. கோபத்தில் சாப்பிட்ட மாதிரித்தான் இருந்தது.

கலியாணம் நன்றாக நடந்தது. உங்களுடைய இடத்தில் மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா தாரை வார்த்தார். நீங்கள் இல்லாததால் அம்மாவாலும் மணவறைக்கு வரமுடியவில்லை. பழைய சேலையோடு தூணருகில் நின்றா. ஐயர் மந்திரத்தில் உங்களுடைய பெயரைச் சொன்னபோது நான் வாசல் படலைப் பக்கம் பார்த்தேன். பார்க்கக்கூடாது, குனிந்திரு என்று மாமி தொடையில் கிள்ளினா.

பின்னேரம் இங்கே வர ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தார்கள். ஏறி இருந்தால் அது ஸ்ரார்ட் ஆகவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்தவர்களும் தெருவில் போனவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். மானிப்பாய்க்கு வந்து இறங்கினபோது பார்த்தேன், பின்கண்ணாடிக்குக் கீழே வெள்ளைப் பெயின்றில் ஒரு கை அப்படியே பதிந்திருந்தது. கறுப்பாக, ஒயில் கை. இவருடைய தம்பி துடைக்கப் போனான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். துணியை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வந்திருக்கலாம், அப்பா. நான் எழுதியிருந்தேன்.

சிவமணி


மஹய்யாவ,
கண்டி.
17.09.1987

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. மாமாவுக்கும் வாசித்துக் காட்டு, அவருக்கு நல்ல தீனி.

லேத் பட்டறைக்காரரின் “நாளைக்கு” கடைசியில் செவ்வாய் பின்னேரம் வந்தது. அன்றைக்கே தலையைப் பூட்டினேன். புதன் காலையில் எஞ்சினை ஓடவிட்டேன். பட்டுப்போல ஓடியது. ஒரு துளி ஆவி இல்லை. மக்கீன் நானாகூடத் தலையை ஆட்டினார். இனி ஆறவிட்டுத் திரும்ப இறுக்கவேண்டும், அதற்குப் பின்னேரமாகும். அப்போது பதினொன்றரை. அம்மா பன்னிரண்டுக்கு முன் என்று சொல்லியிருக்கிறா. எனக்கு ராகுவில் நம்பிக்கையில்லை. ஆனால் நாலு வருடத்துக்குப் பிறகு வந்த சொல்லைத் தட்டிவிட்டு எப்படி வெளிக்கிடுவது? வழியில் எங்காவது இறுக்கிக்கொள்ளலாம் என்று ஸ்பனரை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓடுகிற காரை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

நாலந்தை ஏற்றத்தில் முதல் ஆவி. தம்புள்ளையில் இரண்டாவது. அங்கே ஒரு குழாயில் தண்ணீர் கிடைத்தது. கெக்கிராவைக்கு அப்பால் குழாயும் இல்லை, கிணறும் இல்லை. அந்தூரியப் பூ வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து றேடியேற்றருக்குள் ஊற்றினேன். உன் மணவறைக்குக் கொண்டுவந்த பூவின் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தக் கார் மெதவாச்சி வரை வந்தது. நன்றி கெட்டது என்று சொல்லமாட்டேன். மெதவாச்சிச் சந்தியில் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நின்றது. நானும் நின்றேன்.

அன்றிரவு ஒரு தேத்தண்ணிக் கடை மர வாங்கில் படுத்துக் கிடந்தேன். விடிய மூடியைத் திறந்து, இறுக்கிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கைவேலை முழுக்க ஒயிலாகச் சேட்டில் இருந்தது, எஞ்சினில் ஒன்றும் நடக்கவில்லை. உனக்குத் தந்தி அடித்தேன். பிறகு மக்கீன் நானாவின் லொறி அந்தப் பக்கமாக வந்தது. அதில் ஏறித் திரும்பிவிட்டேன். காரையும் கட்டி இழுத்து வந்தோம். மாமா முறிகண்டி வரைக்கும் மதிப்புக் கொடுத்திருந்தார். அதைக்கூட நான் காப்பாற்றவில்லை.

வாடகைக் காரும் தள்ளவேண்டி வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மெதவாச்சி வரையில் வந்த
அப்பா


மானிப்பாய்,
யாழ்ப்பாணம்.
26.09.1987

அன்புள்ள அப்பா,

உங்களுடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போனா. சாமி அறையிலிருந்து ஒரு தம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. அதில் ஒரு அந்தூரியம். ஓரம் கருகியிருந்தது, ஆனால் அந்தூரியம்தான். நான் போன அன்று, கார் போன பிறகு, படலைக் கொளுக்கியில் செருகியிருந்ததாம்.

“கோண்டாவிலிலை இந்தப் பூ ஆர் வளர்க்கினம்?” என்று கேட்டா. அவ்வளவுதான். இத்தனை நாளும் எனக்குச் சொல்லவில்லை. நீங்களாகவே எழுதுவீங்கள் என்று பார்த்திருந்தாவாம்.

அந்தக் கை உங்களுடைய கைதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் தெரியும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

மெதவாச்சியில் திரும்பினேன் என்று எப்படி உங்களால் எழுத முடிந்தது? அதுவும் இவ்வளவு பகிடியோடு?

அப்பா, எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. பகிடி இல்லாமல். ஒரே ஒரு கடிதம். வேறொன்றும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

சிவமணி


மஹய்யாவ,
கண்டி.
05.10.1987

அன்புள்ள சிவமணிக்கு,

பகிடி இல்லாமல் எழுதச் சொன்னாய். மூன்று தாள் கிழித்துவிட்டேன். எங்கேயாவது ஒரு பகிடி வந்து குந்திவிடுகிறது. இதிலும் வந்திருந்தால் பொறுத்துக்கொள்.

மக்கீன் நானாவின் லொறி வடக்கே போகிற வழியில்தான் மெதவாச்சியில் என்னைக் கண்டது. லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனது. நான் திரும்பவில்லை. ஏறினேன், வாளியோடு. முறிகண்டியில் நானா இறங்கச் சொல்லி, “தேங்காய் ஒடைங்க அம்பி, ஒங்க வழமையாச்சே” என்று தன் காசில் வாங்கித் தந்தார். உடைத்தேன். முகூர்த்தம் தவறிவிட்டது என்று தெரியும். ஆனாலும் நீ புறப்படும் முன் வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

பொழுது படும் நேரம் கோண்டாவில் சந்தியில் என்னை இறக்கிவிட்டு லொறி சுன்னாகம் போனது. ஒழுங்கையால் நடந்து வந்தேன். சேட்டு முழுக்க ஒயில். தலையில் ஒரு துவாய். இரண்டு நாள் தாடி. வாழைமரம் கட்டியிருந்த படலை தெரிந்தது, லைற் தெரிந்தது. கிணற்றடிப் பக்கமாகப் போய்க் கைகால் கழுவிவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நீங்கள் வெளியே வந்து காரில் ஏறிவிட்டீர்கள்.

கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, “அண்ணை, ஒருக்கா கை குடுங்கோ” என்றார். வாளியை வேலியோரம் வைத்துவிட்டு வந்து தள்ளினேன். எனக்கு ஒரு ஆள் தள்ளி மாமா. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் தள்ளினார். உன் மேல் அவருக்கு இருக்கிற அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினோம், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது மாமா சொன்னார்: “இது பறவாயில்லை. அத்தான்ரை கார் எண்டால் மானிப்பாய் மட்டும் தள்ளியிருக்கவேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம்.

நான் அம்பிகைபாகன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. இன்னும் பெரிதாகச் சிரித்திருப்பார்கள். பிறகு கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி நானே சனத்துக்குப் பழக்கிவிட்டு, அன்றைக்கு ஒருநாள் மட்டும், உன் முன்னால், அது என்னால் முடியவில்லை. நடுச் சந்தியில் காற்சட்டை இறங்கினதை உனக்கு எழுத முடிந்தது. அதை எழுதினது நான். இதை மாமா சொன்னார். அவ்வளவு வித்தியாசம்தான். அதற்காக உன் அம்மாவைத் தூணோடு நிற்க விட்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ எழுதித்தான் தெரியும்.

கார் போன பிறகு சனம் உள்ளே போனது. அம்மா மட்டும் படலையில் நின்றா. நான் வேலியோடு நின்றேன். அவ ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றா, என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடலாம் என்று காத்திருந்தேன். திரும்பாமல் உள்ளே போய்விட்டா. வாளியில் இருந்ததில் கருகல் குறைந்த ஒன்றை எடுத்துக் கொளுக்கியில் செருகிவிட்டுச் சுன்னாகம் வரை நடந்தேன்.

லொறியில் ஏறினதும் நானா கேட்டார், “மகளப் பாத்தீங்களா?”

“பாத்தன்.”

“பேசினீங்களா?”

“ஓம்” என்றேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த மனுசனுக்கும் பொய்.

இனி நடந்ததை எழுதுகிறேன். நானா கொழும்பிலிருந்து புது கேஸ்கற் வாங்கிவந்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். போட்டேன். சூடாக்கினேன். ஒரு முழு இரவு ஆறவிட்டேன். திரும்ப இறுக்கினேன். ஒவ்வொரு நட்டும் கால் சுற்று இறங்கியது. அவ்வளவு தளர்ந்திருந்ததை அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒன்றரை மணி வரை பொறுத்திருந்தால் ராகுவும் போயிருப்பார், எஞ்சினும் பாதி ஆறியிருக்கும். அம்மாவின் சொல்லில் பிழையில்லை. நீ எழுதினபடி பஸ்ஸில் வந்திருந்தால் எதுவுமே வேண்டியிருக்காது. இப்போது கார் நன்றாக ஓடுகிறது. சந்தைக்குப் போய் வருகிறேன். வேறு போக ஓரிடமும் இல்லை.

தீபாவளிக்கு வருகிறேன். பஸ்ஸில். அம்மா மடித்து வைத்த வேட்டியை அப்படியே வைத்திருக்கச் சொல். மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டாதே. நான் வந்து என் வாயாலேயே அவருக்குச் சொல்கிறேன், அவர் சிரிக்கட்டும். பேப்பரில் உங்கள் பக்கத்துச் செய்தி நல்லதாக இல்லை. பாதை திறந்திருக்கவேண்டும்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தள்ளும்போது என் கை பின்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் தலை, பூவோடு, குனிந்தபடி. ஒரு முழத் தூரம் இருக்கும். எஞ்சின் பிடித்ததும் மற்றவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்காமல் கூடவே கொஞ்சத் தூரம் ஓடினேன். சந்தி திரும்பும்போது டிரைவர் ஹோன் அடித்தான். நீ தலை நிமிர்ந்தாய். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாய். பின்னால் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு வாய் திறந்துவிட்டது. சொல் நாக்குவரை வந்தது. சின்னச் சொல்தான், நீ செருப்புப் போடாமல் ஓடிவந்த காலமெல்லாம் தெரு முழுக்கக் கேட்கக் கத்தின சொல்.

பிள்ளை, அப்பா வந்திட்டன்.